கடல் நுரை கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறாள். உன் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

லவ் பேர்ட்ஸ் கூண்டில் கட்டிவிடும் கடல் நுரை எதிலிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். அது ஓட்டுக் கணவாய் என்ற கடல் உயிரின் முதுகுக்குள் இருக்கும் ஓடு. ஒரு துண்டை உடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். மெல்லிய சுண்ணாம்புத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத குட்டித் தூண்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காலி இடம்தான். அந்த அறைகளில் நீரைக் கூட்டியும் குறைத்தும்தான் கணவாய் துடுப்பு வலிக்காமல் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கிறது.

பேய்க்கணவாய், அதுதான் ஆக்டோபஸ், அந்த ஓட்டையும் விட்டுவிட்ட இனம். கிளி மூக்குபோல இருக்கும் அலகு ஒன்றுதான் உடம்பில் நல்ல கெட்டி. அலகு நுழைந்தால் உடம்பு முழுக்க நுழைந்துவிடும். நியூசிலாந்தில் நேப்பியர் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்திலிருந்து இங்க்கி என்ற ஆக்டோபஸ் ஓடிப்போனது 2016-இல் உலகச் செய்தியானது, நினைவிருக்கிறதா? தொட்டியின் மேல்மூடியில் இருந்த இடுக்கு வழியே இறங்கி, தரையைக் கடந்து, 50 மீட்டர் வடிகால் குழாய்க்குள் புகுந்து கடலுக்குப் போயிருக்கிறது என்று காட்சியகத்தார் சொன்னார்கள்.

ஆனால் என் மனசை விட்டு அகலாதது இன்னொரு ஆக்டோபஸ். கலிஃபோர்னியாவின் மான்டரே கடல் பள்ளத்தாக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், 2007-இல் கடல் ஆய்வாளர் ப்ரூஸ் ராபிசன் குழுவினர் இயந்திரக் கலத்தை இறக்கியபோது பாறையில் முட்டைகளை அணைத்தபடி அவள் இருந்தாள். தழும்புகளை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டு, போகும்போதெல்லாம் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே பாறையில் அவளேதான். பக்கத்தில் இறால் வந்தால் தள்ளிவிடுவாள், தின்னமாட்டாள். இயந்திரக் கையால் நண்டுத் துண்டை நீட்டியும் வாங்கவில்லை. நாளாக ஆக நிறம் வெளுத்தது, தோல் தொங்கியது, கண் மங்கியது. 2011-இல் போனபோது வெறும் முட்டைக்கூடுகள்தான் பாறையில் ஒட்டியிருந்தன. 53 மாதம், அதாவது நாலரை வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. அடைகாப்பதில் இதைவிட நீண்ட காலம் எந்த உயிரிலும் பதிவானதில்லை என்று எழுதினார்கள். தண்ணீர் அங்கே மூன்று டிகிரிதான். அந்தக் குளிரில் கரு வளர அத்தனை காலம் பிடிக்கிறது.

இதைத் தாய்ப்பாசம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், அடைகாக்கும் ஆக்டோபஸ்களின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். அவை முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தன, கூடுதல் காலம் வாழவும் செய்தன. பட்டினியும் சாவும் அந்தச் சுரப்பியிலேயே எழுதிவைத்திருக்கிறது.

அதனால் குஞ்சு பொரியும்போது சொல்லிக்கொடுக்கத் தாய் இருப்பதில்லை. சாதாரண ஆக்டோபஸுக்கு ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில். ஆயுளோ பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம்தான். சிப்பியைத் திறப்பதும், ஒளிவதும், ஏமாற்றுவதும் ஒவ்வொன்றும் தனியாகவே கற்றுத் தேற வேண்டியவை. நம் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கவே எத்தனை கை வேண்டியிருந்தது, யோசித்துப் பார்.

அப்படித் தனித்தே வாழும் உயிரைத் தொட்டிகளில் நெருக்கி வைத்துப் பண்ணை போட ஸ்பெயினில் ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. எனக்கு இது ஒப்பவே இல்லை. வாஷிங்டன் மாநிலமும் கலிஃபோர்னியாவும் 2024-இல் ஆக்டோபஸ் பண்ணைக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டன. வலையில் வருவதைத் தின்பதும் இதுவும் ஒன்றுதானே என்று நீ கேட்பாய். எனக்கு ஒன்றில்லை. வலையில் வருவதாவது அதுவரை தன் கடலில் இருந்தது. நீ மாறாக நினைத்தால் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் தோழி