செல்வராசுக்கு, பயண வழி பற்றி

குடவாசல்,
கார்த்திகை 10

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு வருகிறாய் என்று உன் அக்காவிடம் உடனே சொல்லிவிட்டேன். இந்த வருஷம் பொன்மணி நெல் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் பள்ளக்கட்டு முழுகிக் கிடந்தது, நல்லவேளை வடிந்துவிட்டது. பயிர் தூர்கட்டி நிற்கிறது.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானமா, சிங்கப்பூர் வழியாகத் திருச்சியா என்று கேட்டிருந்தாய். பேத்தியின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். தட்டைப் படத்தில் பசிபிக்கைக் குறுக்கே தாண்டுவதுதான் வழி என்று தோன்றும். உருண்டையிலோ, திருச்சியில் பிடித்த நூல் நேபாளம், மங்கோலியா, கிழக்கு சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்கா பக்கமாக உங்கள் சான்பிரான்சிஸ்கோவுக்கு இறங்குகிறது. சுமார் 14,200 கி.மீ. அந்த வழியில் திருச்சிக்கு யாரும் விமானம் விடப்போவதில்லை, அது வேறு விஷயம்.

பெங்களூர் 14,000 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அந்தத் தடத்தைத் தொடங்கியபோது முதல் விமானத்தை ஓட்டியவர்கள் எல்லோரும் பெண்கள், ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூர் வழி என்றால் அதுவரை 13,600, அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு 3,000. கூட்டினால் பெங்களூரைவிட 2,600 கி.மீ. அதிகம்.

இருந்தாலும் என் ஓட்டு சிங்கப்பூருக்குத்தான். பெங்களூரில் இறங்கினால் ஊருக்குள் வர ஒரு பாடு, சாயங்காலம் வரை காத்திருந்து மைசூர் ரயிலைப் பிடித்தால் விடிகாலைதான் கும்பகோணம். உன் முழங்காலை வைத்துக்கொண்டு மேல்பெர்த்தில் ஏறுவாயா? சிங்கப்பூரில் ஏறினால் நாலேகால் மணி நேரத்தில் திருச்சி. புது முனையம் நன்றாக இருக்கிறது. தஞ்சாவூர் தாண்டி நாச்சியார்கோவில் வழியாக வந்தால் மூன்று மணி நேரத்தில் வீடு. ஆனால் முழுவதையும் ஒரே டிக்கெட்டாகப் போடு. தனித்தனியாகப் போட்டு முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஜனவரியில் மேலே மேற்குக்காற்று பலமாக அடிக்கும். பசிபிக்கின் மேல் நீ வருவது எதிர்க்காற்றில், அதனால் சிங்கப்பூர் வரைக்கும் 17 மணி நேரம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், 15 மணி நேரம் போதும். உன்னை அனுப்பிவைப்பதில் காற்றுக்கு என்ன அவசரமோ! வரும் வழியில் தேதிக்கோட்டையும் தாண்டுகிறாய், காலண்டரில் ஒரு நாள் போய்விடும். போகிக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் ஜனவரி 10ஆம் தேதிக்குள் கிளம்பு.

டிக்கெட் போட்டதும் திருச்சியில் இறங்கும் நேரத்தை எழுது. பொங்கல் வாரத்தில் கார் கிடைப்பது கஷ்டம், இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
கலியபெருமாள்