ஓடிடிக்கான படம் என்று ஒதுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர், 'கொட்டுக்காளி', 'மெய்யழகன்' மாதிரிப் படங்களை நேராக ஓடிடியில் விட்டுவிடலாமே, தியேட்டருக்கு எதற்கு என்று கேட்டிருந்தார். 'கொட்டுக்காளி' வந்த சமயத்தில் சினிமாத் துறைக்குள்ளேயே சிலர் அப்படித்தான் பேசினார்கள். இரண்டு படங்களையும் தியேட்டரிலும் பார்த்து, பிறகு வீட்டிலும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. சண்டையும் பாட்டுமாகப் போகிற படத்தை அடுப்படியில் வேலை செய்தபடியே காதில் வாங்கிக்கொண்டு பார்த்துவிடலாம். சத்தம் போடாத படத்துக்குத்தான் தியேட்டர் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி, தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய், இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தேன். 'வாழை'க்கு நல்ல கூட்டம். வாழைத்தார் சுமக்கும் கூலியில் தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்ட ஜனங்களை, செலவு மிச்சம் என்று வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறார்கள். அந்த ஜனங்களில் ஒருவனான சின்னப் பையன் பசியோடு வீடு திரும்பி, சோற்றுப் பானையைத் தேடும் இடத்தில் தியேட்டரே தேம்பியது. அந்தப் படத்துக்கு என் பரிந்துரை தேவையில்லை, ஜனங்களே தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

'கொட்டுக்காளி'க்கு நாங்கள் பதினைந்து பேர்கூட இல்லை. 1 மணி 40 நிமிடம்தான் படம். பின்னணி இசை கிடையாது. ஷேர் ஆட்டோ இரையும் சத்தம், காற்று, கோழி கேறுவது, தொண்டை கட்டிப்போன பாண்டியின் (சூரி) கரகரத்த குரல், அவ்வளவுதான். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அவளுடைய முறைமாமனான இந்தப் பாண்டியின் வீட்டார் அவளைச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பயணம்தான் கதை. மீனாவாக வரும் அன்னா பென் வாய் திறந்து பேசுவது அபூர்வம். வழியில் எங்கேயோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கேட்கிறது, மீனாவின் உதடு லேசாக அசைகிறது. அதைப் பார்த்த பாண்டிக்கு வருகிற வெறி இருக்கிறதே! அவளை அடித்து, தடுக்க வந்த கூடப்பிறந்தவர்களையும் அடித்து... எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு முன் அத்தனை நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்ததால்தான் அந்த அடி எங்கள் மேல் விழுந்தது மாதிரி இருந்தது. ஒலி வடிவமைப்பு செய்த சுரேன், அழகியகூத்தன் இருவருக்கும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இன்னொரு இடம். வழியை மறித்துக்கொண்டு ஒரு மாடு நிற்கிறது. வீச்சும் வீறாப்புமாக வந்த ஆம்பிளைகள் ஒருத்தருக்கும் கிட்டே போகத் துணிச்சல் இல்லை. ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாள். வசனமே வேண்டியிருக்கவில்லை, எங்களுக்குப் புரிந்துவிட்டது.

கடைசியில் அந்தச் சாமியார் வேறொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அப்புறம் அவன் என்ன முடிவெடுத்தான் என்று படம் சொல்லவில்லை. விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வண்டி எடுக்கிற இடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். "அவன் மனசு மாறிட்டான், திரும்பிக் கூட்டிட்டுப் போயிருவான்" என்றார் ஒருவர். "எங்க மாறுறது? வேற சாமியாரைத் தேடுவான்" என்றார் மற்றவர். நானும் தங்கையும் பஸ் ஸ்டாண்டு வரை அதையேதான் பேசிக்கொண்டு போனோம்.

ஓடிடிக்கு வந்ததும் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். குக்கர் விசில் அடித்தது. கூரியர்காரர் வந்தார். ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறதே என்று என் மகன் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளினான். காலில் கட்டிப்போட்டிருக்கும் கோழியை மீனா பார்க்கும் பார்வை அப்படியே போய்விட்டது. முடிந்ததும், "ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்தது வேறு படம்.

இதே இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். நம் ஊர் தியேட்டருக்கு வராமல் 2023-ல் நேராக ஓடிடிக்குப் போனது. என் தெருவில் அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் செல்போனில்தான் பார்த்தேன். கடைசியில் ஊற்றுக் குழியில் சொட்டுச் சொட்டாக ஊறும் தண்ணீரை ஒரு பெண் அள்ளிக்கொண்டே இருப்பாள். அந்த இடத்தை நானும் விரலால் தள்ளிவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

'மெய்யழகன்' விஷயம் வேறு மாதிரி. எங்கள் நீடாமங்கலத்துக் கதை என்பதால் வெளியான மறுநாளே போனோம். கல்யாண வீட்டில் ஒருவர் தோளில் கைபோட்டு "அத்தான்" என்று உருகுவார், நமக்குப் பேர் ஞாபகம் வராது, கேட்கவும் கூச்சம். இந்தச் சங்கடம் தெரியாத தஞ்சாவூர் ஜில்லாக்காரர் உண்டா? கல்யாண மேடையில் அருள் (அரவிந்த்சாமி), தங்கை முறையான புவனாவின் காலில் கொலுசு பூட்டும்போது பக்கத்து வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம். அவன் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்று தெரியவரும்போது அரவிந்த்சாமியின் முகத்தைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். ராத்திரிப் பேச்சில் சரித்திரம் பேசும் பகுதி எனக்கும் கொஞ்சம் நீளமாகப் பட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் நீளம் நீளம் என்று எழுந்த பேச்சால், வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்களே, அதுதான் வருத்தம். இயக்குநர் பிரேம்குமார் அந்தப் படத்தை விடிய விடிய பேசுகிற இரண்டு பேரின் வேகத்தில் எடுத்திருக்கிறார். பஸ்ஸைத் தவறவிட்டுத் தங்கிப்போகிற மனுஷனின் கதையை அவசரமாகப் பார்த்து என்ன கிடைக்கும்?

தியேட்டர் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதிரிப் படங்களுக்குக் காலை பத்து மணிக்கோ ராத்திரி பத்து மணிக்கோ ஒரு காட்சி ஒதுக்கிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று எடுத்துவிடுகிறீர்கள். வேலைக்குப் போகிறவர்களும் என்னைப் போன்ற பெண்களும் அந்த நேரத்துக்கு எப்படி வருவது? முதல் ஒரு வாரமாவது மாலைக் காட்சியில் ஒன்று கொடுங்கள். எங்கள் ஊருக்குக் 'கொட்டுக்காளி' வரவே இல்லை. வந்திருந்தால் நான்கு வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் விமர்சனம் வருவதற்குள் இப்படிப்பட்ட படம் தியேட்டரை விட்டே போய்விடுகிறது. பெரிய நடிகர் படத்தின் விமர்சனம் ஒரு வாரம் தாமதமானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சின்னப் படம் வெளியாகிற வாரத்திலேயே, எந்த ஊரில் ஓடுகிறது என்ற விவரத்தோடு ஒரு பத்தி போடுங்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்க்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.