மாரிக்கு ஒரு போத்தலும் கொஞ்சம் ஓலையும்

அன்பான அம்மா அப்பாமாருக்கும், வீட்டில் இருக்கும் அம்மம்மா அப்பம்மாமாருக்கும்,

வணக்கம். அடுத்த கிழமை முதல் தரம் 3, 4, 5 பிள்ளைகள் வெறும் சோடாப் போத்தல், பனையோலை, கத்தரிக்கோல் என்று வீட்டில் கேட்பார்கள். கைவேலைதானே என்று விட்டுவிடாதீர்கள், கணிதத்தில் வரும் தரவும் வரைபும்தான் இது. கரும்பலகையில் நாங்கள் கீறும் சலாகை வரைபைப் பிள்ளைகள் அழகாகப் பார்த்துக் கீறுவார்கள், ஆனால் இந்தச் சலாகை ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டால் முழிப்பார்கள். தான் அளந்த மழை என்றால் சொல்லிவிடுவார்கள்.

போத்தல் மழையை அளக்கத்தான், பக்கம் நேராக உள்ளதாகப் பாருங்கள். மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதுவே புனல். அடி மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கல்லுப் போட்டு, கல் மூடும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் 0 என்று கோடு போட்டு, அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒட்ட வேண்டும். முற்றத்தின் வெளியான இடத்தில் வையுங்கள், தாழ்வாரத்திலும் மாமரத்தடியிலும் வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளக்கிறது, எங்களுக்கு அது பாடநேரம், ஆகவே பிள்ளை வெளிக்கிட முன்னம் 6.30க்குப் பார்க்கட்டும், நேரம் மட்டும் மாறக்கூடாது. பார்த்து முடிந்ததும் கொட்டிவிட்டு 0 வரை புதுத் தண்ணீர் விடுங்கள், நுளம்புக் காலம்.

அளந்த மழையை ஓலையில் பாயாக இழைப்போம், ஒரு நாளுக்கு ஒரு ஓலை. மழை இல்லாத நாளுக்குச் சாயம் போடாத ஓலை, 10 மில்லிமீற்றர் வரை பச்சை, 50 வரை ஊதா, அதற்கு மேல் சிவப்பு. அளக்க மறந்த நாளுக்குக் கறுப்பு. மழை பெய்யாத நாள் வேறு, பார்க்காத நாள் வேறு, இரண்டையும் 0 என்று எழுதினால் கணக்கே பிழைத்துவிடும் என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை முடியும்போது இழைத்த அந்தச் சிறு பாய்தான் அவர்களுடைய வரைபு.

2008இல் நிஷா புயல் வந்த கிழமையில் இங்கே யாழ்ப்பாணத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. அதை ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கீறப் போனால் 5 மீற்றர் தாள் வேண்டும், அளவுத்திட்டம் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும். அந்த வெள்ளத்தை நீங்கள் பார்த்திருந்தால் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் மார்கழியில் பனிப்பூ. கனடா, லண்டன், நோர்வே என்று எங்காவது சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது இன்றைக்கு அங்கே எத்தனை பாகை என்று பிள்ளையே கேட்கட்டும். 0க்குக் கீழே போன ஒவ்வொரு ஊருக்கும் ஆறு கை உள்ள கடதாசிப் பனிப்பூ ஒன்று வெட்டிப் படவரைபில் ஒட்டுவோம். எல்லாப் பூவும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒன்று பெரிதானால் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொம்பியூட்டரில் அடித்து வர்ணத்தில் பிறின்ற் எடுத்து அனுப்பாதீர்கள். கோணலான கோடும் அழித்தெழுதிய இலக்கமும் உள்ள தாள்தான் எங்களுக்கு வேண்டும், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு அதில்தான் தெரியும். யாருக்கும் இதில் புள்ளி போடப் போவதில்லை.

ஓலை இழைக்கத் தெரிந்த அம்மம்மா, அப்பம்மா யாராவது வெள்ளிக்கிழமை காலையில் வகுப்புக்கு வர முடிந்தால் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சாயம் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அதிபர்