தாத்தாவின் சுண்டுவிரல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் சிநேகிதன் அவனுடைய கொள்ளுத் தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டட்கார்ட் பக்கம் வாத்து சுடப் போகிறான், உன்னையும் கூப்பிடுகிறான், அவ்வளவுதானே? தாராளமாகப் போய் வா. அமெரிக்காவில், அதுவும் ஆர்கன்சா மாநிலத்தில் இருந்துகொண்டு, தண்ணீர் கட்டிய நெல்வயலில் வாத்து இறங்குவதைப் பார்க்காமல் இருந்தால் அதுதான் தப்பு. ஆனால் அந்தத் துப்பாக்கியை மட்டும் நீயும் தொடாதே, அவனையும் சுட விடாதே.

குழல் முழுக்க நெளிநெளியாக ஒரு வரி ஓடுகிறதே, 'டிசைன் சூப்பர்' என்று எழுதியிருக்கிறாய். அது டிசைனுக்காகப் போட்டதில்லை. இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிப் பட்டையாக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். டமாஸ்கஸ் என்பார்கள். வரி தெரிகிற இடமெல்லாம் ஒட்டு. கரிமருந்துக்காக, அதாவது அந்தக் காலத்துப் புகை கக்குகிற வெடிமருந்துக்காகச் செய்தது. ஒட்டுக்குள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியில் தெரியாது.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதானே யோசிக்கிறாய். உன் தாத்தா வைத்திருந்ததும் அதே ஜாதி. முன்சீப் வேலையில் இருந்ததால் லைசென்ஸ் கிடைத்தது. பர்மிங்காம் துப்பாக்கி, 12 போர் (குழல் வாயின் அளவு), 32 அங்குலக் குழல், நாலு கிலோவுக்கு மேல் இருக்கும், விசையை இழுத்தால் அடிக்கிற இரண்டு குதிரையும் ஆட்டுக்குட்டிக் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நான் தூக்கினால் முனை தரையில் இடிக்கும். தோட்டா கட்டுகிற வேலை எனக்கு. பித்தளைத் தோட்டாவில் பொறி விடுகிற கேப்பு போட்டு, தகர அளவையில் கரிமருந்து, மேலே அட்டை, அப்புறம் ஈயக் குண்டு ரவை (கடுகைவிடப் பெரிசு, மிளகைவிடச் சிறிசு), மறுபடி அட்டை, ஓரத்தில் மெழுகு. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இருபது கட்டிவிடுவேன்.

தை மாதம் விடியற்காலையில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குப் போவோம். நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று சொல்லுவார்களே, அதுதான். சிறகி வாத்து கூட்டமாக எழும்பும்போது காற்றே கிழிகிற மாதிரி கேட்கும். தாத்தா சுட்டதும் புகை திரையாக நின்றுவிடும், பறவை விழுந்ததா இல்லையா என்று புகை கலைந்த பிறகுதான் தெரியும். வீட்டில் குழம்பு சாப்பிடும்போது பல்லில் ரவை தட்டும், துப்பித் தட்டின் ஓரத்தில் வைப்போம்.

ஒரு வருஷம் யாரோ மதுரையிலிருந்து ஒரு பெட்டி புதுத் தோட்டா கொண்டுவந்து கொடுத்தார்கள். சிவப்பு அட்டை, பளபளவென்று இருந்தது. புகையில்லாத மருந்து. துப்பாக்கிக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தது. போய் உட்கார்ந்ததுதான் வினை. பழைய துப்பாக்கியில் பலதுக்குத் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்; 70 மில்லிமீட்டர் தோட்டாவானாலும் வாய் மடித்திருப்பதால் சுலபமாக நுழையும், வெடித்ததும் மடிப்பு விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறிவிடும். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, இடது குழல் தாத்தாவின் இடது கைக்கு நேரே வாழைப்பூ மாதிரி விரிந்துவிட்டது என்பதுதான்.

தாத்தாவின் சுண்டுவிரல் கதிரரிவாளில் போனது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். இல்லைடா. அந்தச் சிவப்புத் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தது நான். எனக்குப் பத்து வயசு. அவர் சாகிறவரைக்கும் அரிவாள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார், என்னிடம்கூட.

உன் சிநேகிதன் வேறு இரும்பு ரவைத் தோட்டா வாங்கி வைத்திருக்கிறான் என்கிறாய். வேறு வழியில்லைதான், அங்கே 1991லிருந்து நீர்ப்பறவைக்கு ஈய ரவை கூடாது. கீழே விழுந்த ஈயத்தைக் கல் என்று விழுங்கி வாத்தெல்லாம் செத்தன. (இங்கே இந்தியாவில் அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.) ஆனால் இரும்பு ரவை ஈயம் மாதிரி நசுங்காது, அந்த மெல்லிசுக் குழலை உள்ளேயே கீறிவிடும். பர்மிங்காம் துப்பாக்கி என்றால் அடியில், வெடியைத் தாங்குகிறதா என்று பார்த்த சோதனை முத்திரையாவது இருக்கும், அமெரிக்காவில் செய்ததில் அதுவும் கட்டாயமில்லை. சிலது இன்னும் தாங்கும் என்கிறவர்களும் உண்டு. அதை நல்ல துப்பாக்கி ரிப்பேர்க்காரர் அளந்து பார்த்துச் சொல்லட்டும், உன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அவனிடம் பக்குவமாகச் சொல், அவன் கொள்ளுத் தாத்தா சாமான், மனசு கஷ்டப்படும். சுவரில் மாட்டச் சொல். புதுத் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். வாத்து கிடைத்தால் தோலை உரித்துவிட்டுச் சமை, இல்லாவிட்டால் சேற்று வாடை போகாது. மிளகை அம்மியில் அரைத்த மாதிரி நைசாக அரை. ரவை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடு, இரும்பைக் கடித்தால் பல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு, முழித்துக்கொண்டிருப்பேன்.

அம்மா