சேகருக்கு, கருவி வாங்குவதற்கு முன்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சேகர்,

செந்தூலில் எல்லோரும் நலம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. அதற்குள் தண்ணீர்மலைப் பக்கம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

உங்கள் ஃபிளாட் சங்கம் ஏ.இ.டி. (இதயம் நின்றவருக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக் கொடுக்கும் கருவி) வாங்கப் பணம் திரட்டுவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் வசூல் முடிவதற்குள், காசே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் சாலையில் தொலைக்கிற நேரத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். கேட்டுக்கும் பதினோராம் மாடிக் கதவுக்கும் நடுவே தொலைவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இதயம் நின்றவரின் நெஞ்சை யாரும் அழுத்தாமல் விட்டால், நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு பிழைக்கும் வாய்ப்பு கரைகிறது. தடுப்புக் கட்டை தூக்காமல் ஜாகா (காவலாளி) "எந்த புளோக்?" என்று கேட்பது, படிக்கட்டு வாசலை மறித்து நிற்கும் கார், மேலே எங்கோ நிற்கிற லிஃப்ட்: மூன்றும் சேர்ந்தால் ஐந்து நிமிடம் போய்விடும்.

முதலில் லிஃப்டை அளந்து பார். ஸ்ட்ரெச்சர் ஏறத்தாழ 1.9 மீட்டர் நீளம். சின்ன லிஃப்டின் உள்ளாழம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. மூச்சுத் திணறுகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கலாம். இதயம் நின்றவரை உட்காரவைக்க முடியாது, உட்காரவைத்து அழுத்தவும் முடியாது. அதனால்தான் வருகிற குழுவினர் தூக்கிக்கொண்டு ஓடாமல் வீட்டுக் கூடத்திலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். இதைப் பார்த்து "ஏன் சும்மா நிற்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. ஓடும் வண்டியில் அழுத்தினால் ஆழமும் வராது, சீரும் வராது. ஷாக்கும் மருந்தும் அங்கேயே கொடுக்கலாம் எனும்போது படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போவது நஷ்டம்தான். சோபாவைத் தள்ளி, ஆள் சுற்றி மண்டியிட இடம் செய்து கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

அடுத்தது 999. 2007 முதல் மலேசியாவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். எடுப்பவர் எந்தச் சேவை என்று கேட்டு, ஆம்புலன்ஸ் என்றால் மருத்துவப் பக்கத்துக்கு இணைப்பார். இரண்டாவது குரல் வருவதற்குள் பதறிப்போய் போனை வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. மலாய் தடுமாறும் பாட்டிகளுக்காக ஒவ்வொரு வீட்டிலும் போன் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "தாக் செடார், தாக் பெர்னாஃபாஸ்" (நினைவில்லை, மூச்சில்லை), பிறகு புளோக், மாடி, வீட்டு எண், கேட்டுக்கு அருகில் கோவிலோ கடையோ. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தால் கையும் ஓயாது, அவர்கள் சொல்லச் சொல்ல அழுத்தவும் முடியும்.

இனி நம் வீடுகளில் நடக்கிற கோளாறு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு வாய் திறந்து, குறட்டை போல, இடைவெளி விட்டு விட்டு மூச்சு வரும். "உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றுகிறார்கள். அது மூச்சே இல்லை. மூளையின் கடைசி அனிச்சைச் செயல். தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி அழுத்தத் தொடங்க வேண்டியதுதான், மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காமல், 5 செ.மீ.க்குக் குறையாமல் 6ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதும் மேலே எழும்ப விட வேண்டும். சாய்ந்தபடியே அழுத்தினால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டாலும் நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று. அழுத்துகிறவருக்குத் தன் கை தளர்வது தெரியவே தெரியாது. பயிற்சி இல்லாதவர் வாயில் ஊதத் தயங்கினால் அழுத்தம் மட்டும் போதும்.

ஏ.இ.டி. கருவி பற்றி. அதில் நெஞ்சில் ஒட்டுகிற இரண்டு ஒட்டுகள் இருக்கும். ஒட்டு ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்திருப்பார்கள், திருநீறும் பூசியிருப்பார்கள். துடைக்காமல் ஒட்டினால் ஒட்டாது. எல்லா இதயத்துக்கும் ஷாக் கொடுக்காது அந்தக் கருவி. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் கொடுக்கும், அடியோடு நின்றதற்கு அல்ல. "ஷாக் வேண்டாம்" என்று அது சொன்னால் கருவி கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, அழுத்தத்தைத் தொடர வேண்டும். ஒட்டின் பசைக்குக் காலாவதி உண்டு, பேட்டரிக்கும் உண்டு. இரண்டின் தேதியும் பெட்டி மேல் பெரிதாக எழுதியிருக்கட்டும். வெயில் அடிக்கிற ஜாகா கூண்டில் வைக்க வேண்டாம். சங்க அலுவலகத்தில் பூட்டி வைப்பது அதைவிட மோசம். மாலை ஐந்து மணிக்குமேல் சாவி யாரிடம் இருக்கும்? மிகத் தூரமான வீட்டுக்கு ஒரு ஆளை வேகமாக நடக்கவிட்டு நேரம் பார். போய் எடுத்து வர மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இடம் தப்பு.

ஆக்சிஜன் சிலிண்டரும் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 300 லிட்டர் வாயு. மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 20 நிமிடத்தில் காலி. வால்வு கசிந்து, தேவைப்படும் நாளில் வெறும் இரும்பாக நிற்கும். அந்தப் பணத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கு. 2019 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரை இறங்கியவர் உளறுவார், ஒரு பக்கம் தளர்ந்தும் போவார். பக்கவாதம் என்றோ, குடித்துவிட்டான் என்றோ விட்டுவிடுவார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும், தெரிந்துவிடும். விழுங்க முடிந்தால் இனிப்பு கொடு. நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் வேண்டாம்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி திணிப்பதை உங்கள் ஃபிளாட்டிலாவது நிறுத்திவிடு.

லிஃப்ட் அளவை எழுது. படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தையும் சேர்த்து அளந்து அனுப்பு; தூக்கு விரிப்பு போதுமா, மடக்கு நாற்காலியும் வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகையா