மெம்பிஸில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நீ கிட்டாரில் ப்ளூஸ் வாசித்து அனுப்பிய பதிவைப் பலமுறை கேட்டுவிட்டேன். கண்ணாடிக் குழாயைக் கிட்டார்க் கழுத்திலிருக்கும் மெட்டுக்கு நேர் மேலே நிறுத்துகிறாய், தந்தியை அழுத்தாமல் நகர்த்துகிறாய், பின்னால் வரும் விரலால் இரைச்சலை அடக்குகிறாய். தந்திமேல் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காது என்று பெருமைப்பட்டேன். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் நிற்கும் ப்ளூஸ் காந்தாரத்தை எந்தப் பக்கமும் சாயவிடாமல் பிடிப்பது எளிதல்ல. நீ பிடித்துவிட்டாய்.

ஆனால் தட்டைத் தாங்க வேண்டிய உன் கட்டைவிரல் எனக்குக் கவலை தருகிறது. மேல்தந்திகளில் சங்கதி வரும்போதெல்லாம் அது தயங்கி நின்று, பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறது. மிசிசிப்பியின் பழைய ப்ளூஸ் கலைஞர்களான சார்லி பாட்டனும் சன் ஹவுஸும் 12 பார் என்ற தாளச் சுற்றுக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று நீ சொல்வாய். உண்மைதான், பாடும் மூச்சுக்கேற்ப ஒரு தட்டைக் கூட்டுவார்கள், இரண்டைக் குறைப்பார்கள், ஆனாலும் தட்டின் நடை கலையாது. வாரம் முழுவதும் பருத்திக்காட்டில் உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவு அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் ஆடினார்கள். அவர்கள் கால் தடுமாறினால் வாசிப்பவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். உன் வாசிப்பில், தடுமாறிக் காட்டுவதற்கு எதிரில் எவரும் இல்லை. பதிவு வந்தபோது உங்கள் ஊரில் விடியற்காலை மூன்று மணி என்பதையும் கவனித்தேன்.

ஏன் பாடவில்லை? அந்த இசையின் வேரே ஒருவர் அழைக்க மற்றவர் பதில் கொடுப்பதில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் வயல்களிலும் சிறைப் பண்ணைகளிலும் வேலை செய்தபோது ஒருவர் ஓர் அடியை எடுத்தார், வரிசையில் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒரே ஆள் கிட்டாரோடு உட்கார்ந்தபோது அந்தப் பதில் சொல்லும் வேலை தந்திக்கு வந்தது. அதனால்தான் முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் முடிக்கும் அமைப்பில், ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வாத்தியத்துக்கு இடம் விடுகிறார்கள். நீ வாயைத் திறக்காமல் வாசித்தால் உன் கிட்டார் யாருக்குப் பதில் சொல்கிறது?

எதிரில் ஒருவரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள். கடைசியாகப் பேசியபோது, ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் தன்னந்தனியாக நாற்சந்திக்குப் போய்ப் பேயிடம் வரம் வாங்கிய கதையைச் சொல்லி, எல்லோரையும் விட்டு விலகினால்தான் இது வசப்படும் என்றாய். அன்று நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது அதுவல்ல. மிசிசிப்பியின் ராபின்சன்வில்லில் சன் ஹவுஸையும் அவருடன் வாசித்த வில்லி பிரவுனையும் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் பையன், அவர்கள் ஓய்வெடுக்கும்போது கிட்டாரை எடுத்துத் தட்டி ஏச்சு வாங்கினான். பிறகு தான் பிறந்த ஹேஸல்ஹர்ஸ்ட் பக்கம் போய் ஐக் ஸிம்மர்மன் என்பவரிடம் கற்றுக்கொண்டான். இரவில் கல்லறைத் தோட்டத்தில் வாசித்துப் பழகியதாக ஸிம்மர்மன் குடும்பத்தாரே பின்னாளில் சொன்னார்கள். அங்கும் இருவராகத்தான் உட்கார்ந்தார்கள். 1936இலும் 1937இலும் ஜான்சன் பதிவு செய்த 29 பாடல்களுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

மிசிசிப்பியின் டாக்கரி பருத்தித் தோட்டத்தில் சார்லி பாட்டனைச் சுற்றி வளர்ந்தவர்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1931இல் ஸ்கிப் ஜேம்ஸ் என்ற ப்ளூஸ் பாடகர் பதிவு செய்த பாடல்களில், கிட்டார்த் தந்திகளைச் சோகம் தொனிக்கச் சேர்க்கும் அந்த மைனர் சுருதியும் தனிமையில் பிறந்ததல்ல. மிசிசிப்பியின் பென்டோனியா என்ற ஊரில் ஹென்றி ஸ்டக்கி என்ற கிட்டார்க் கலைஞரிடமிருந்து அது அவருக்கு வந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் சந்தித்த சிப்பாய்களிடமிருந்து ஸ்டக்கிக்கு வந்ததாகச் சொல்வார்கள்.

சித்தப்பா மாடியறையில் இருந்த அந்தக் காலத்தை நீ பார்த்திருக்கிறாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீ அப்படிப்பட்டவன் அல்லன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். தங்கையின் வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று; விவரம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. எவரிடமாவது போய் உட்கார்.

சன் ஹவுஸையே எடுத்துக்கொள். 1964இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் கிட்டாரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் பாடல்களையே மறந்திருந்தார். ஆலன் வில்சன் என்ற இளைஞர், அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகியவர், எதிரில் அமர்ந்து அவர் வாசித்ததை அவருக்கே வாசித்துக் காட்டினார். மறு ஆண்டே அந்தப் பெரியவர் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். ஜான்சனுக்கு வழிகாட்டிய மனிதருக்கே எதிரில் ஓர் ஆள் தேவைப்பட்டது, கண்ணா. உனக்குத் தேவைப்படுவதில் என்ன குறை?

பென்டோனியாவில் ப்ளூ ஃப்ரண்ட் கஃபே என்று ஓர் இடம் உண்டு. ப்ளூஸ் கலைஞர் ஜிம்மி ஹோம்ஸின் பெற்றோர் 1948இல் தொடங்கியது. 1970இல் அது அவர் பொறுப்புக்கு வந்தது. சிறுவயதில் ஸ்டக்கியைக் கேட்டு, பிறகு ஜாக் ஓவன்ஸ் என்ற பென்டோனியாக் கலைஞரிடம் கற்றவர் அவர். மெம்பிஸிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரம்தான். எந்தச் சனிக்கிழமை போகிறாய் என்று எழுது. இந்த மாதமே போ. அடுத்த பதிவை அங்கிருந்து அனுப்பு. நடுவில் யாராவது பேசினாலும், நிறுத்தச் சொல்லித் திருத்தினாலும், எதையும் வெட்டாமல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா