ஈராக்கைப் பிளந்தது பழம்பகை மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈராக்கின் சுன்னி–ஷியா மோதல் 1,400 ஆண்டுப் பகை, நாட்டை ஷியா, சுன்னி, குர்து என மூன்றாகப் பிரித்தால்தான் தீரும் என்கிறது தங்கள் தலையங்கம். பகை பழையதுதான். ஆனால் பெயரைக் கேட்டு ஆளைக் கொல்லும் நிலை 2003 அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு வந்தது. எந்தெந்த உத்தரவால் வந்தது என்பதும் பதிவில் இருக்கிறது.

2002 அக்டோபரில் சதாம் உசேன் பொது மன்னிப்பு அறிவித்துச் சிறைகளைத் திறந்துவிட்டார். அரசியல் கைதிகளோடு கிரிமினல்களும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். 2003 ஏப்ரல் 9-ல் பக்தாத் விழுந்ததும் போலீஸ்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எண்ணெய் அமைச்சகத்துக்கு அமெரிக்கப் படை காவல் நின்றது, தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. அதைவிடப் பெரிய கோளாறு ஆயுதக் கிடங்குகளை அப்படியே விட்டது. அல் கக்கா என்ற ஒரே கிடங்கிலிருந்து 340 டன்னுக்கு மேல் வெடிமருந்து காணாமல்போனது 2004-ல் வெளியே தெரிந்தது. ஆளில்லாக் கிடங்குகளிலிருந்து போன பீரங்கிக் குண்டுகள்தான் சாலையோரக் குண்டுகளாகத் திரும்பி வந்தன.

2003 மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் இரண்டு உத்தரவுகள் போட்டார். 16-ஆம் தேதி உத்தரவு, சதாமின் பாத் கட்சியின் மேல் நான்கு அடுக்கு உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. வேலைக்காகக் கட்சியில் சேர்ந்த பள்ளி ஆசிரியர்களும் இதில் அடிபட்டார்கள். 23-ஆம் தேதி உத்தரவு ராணுவத்தையே கலைத்தது. சம்பளம் நின்றது, துப்பாக்கி வீட்டில் இருந்தது. போராட்டம் வெடித்த பிறகுதான் உதவித்தொகை அறிவித்தார்கள்.

ஜூலையில் அமெரிக்க நிர்வாகம் அமைத்த ஈராக்கிய ஆளும் குழுவில் 25 பேர்: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் 1, கிறிஸ்தவர் 1. கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரையும் ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள்! இதற்குப் பிறகு எந்தக் கட்சி கொள்கை பேசும்? அமைச்சகங்களும் இதே கணக்கில் பங்கு போடப்பட்டன. உள்துறை ஷியாக் கட்சி ஒன்றின் கைக்குப் போனது. அதன் ஆயுதக் குழுவினர் போலீஸ் சீருடை போட்டுக்கொண்டார்கள். 2005 நவம்பரில் பக்தாதின் ஜாதிரியாவில், அந்த அமைச்சகத்தின் கட்டடம் ஒன்றில் சுமார் 170 கைதிகள் அடைபட்டிருந்தது தெரிந்தது. பலர் உடம்பில் சித்திரவதைத் தழும்புகள். மறுபக்கம், ஷியாப் புனித நகரான கர்பலாவின் ஊர்வலங்களில் குண்டு வைத்து ஷியாக்களைச் சீண்டுவதையே உத்தியாகக் கொண்டிருந்தது, அல்காய்தாவின் ஈராக் கிளைத் தலைவன் ஸர்காவியின் கும்பல். 2006 பிப்ரவரி 22-ல் சாமர்ரா நகரில் ஷியாப் புனிதத் தலத்தின் தங்கக் குவிமாடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதும் கட்டு உடைந்தது. அந்த ஆண்டில் மட்டும் 34,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாக ஐ.நா. கணக்கிட்டது.

சோதனைச்சாவடியில் நடந்ததைப் பாருங்கள். ஈராக்கிய அடையாள அட்டையில் ஷியா, சுன்னி என்று இருக்காது. பெயரைப் பார்ப்பார்கள்: உமர் என்றால் சுன்னி, அப்துல் ஹுசைன் என்றால் ஷியா. அகமது போன்ற பொதுப் பெயராக இருந்தால் பாட்டன் பெயர், குலம், பிறந்த ஊர். அதிலும் பிடிபடாவிட்டால் ஷியாக்கள் போற்றும் பன்னிரண்டு இமாம்களின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். ஆகவே பலர் இரண்டு அட்டை வைத்துக்கொண்டார்கள், ஒன்று போலி. எதிரே நிற்பது நிஜப் போலீஸா, சந்தையில் சீருடை வாங்கியவனா என்று தெரியாமல் எந்த அட்டையை நீட்டுவது?

தணிந்ததும் காரணத்தோடுதான். சுன்னிகள் மிகுந்த அன்பார் மாகாணத்தில் அல்காய்தாவை எதிர்த்து எழுந்த சுன்னிக் குலத்தாருக்கு அமெரிக்கா மாதம் சுமார் 300 டாலர் கொடுத்தது. அவர்களைப் படையிலும் அரசு வேலையிலும் சேர்ப்பதாகச் சொன்ன வாக்கை ஷியாப் பிரதமர் மாலிகியின் அரசு பெரும்பாலும் காற்றில் விட்டது. 2014 ஜூன் 10-ல் மோசுல் நகரம் சுன்னித் தீவிரவாத அமைப்பான ஐ.எஸ். கைக்குப் போனபோது, அந்த அமைப்பின் தளபதிகளில் கலைக்கப்பட்ட ராணுவத்தின் பழைய அதிகாரிகளும் இருந்தார்கள்.

இனி மூன்றாகப் பிரிப்பது. ஜுபூர் குலத்தில் சுன்னியும் உண்டு, ஷியாவும் உண்டு. தியாலா கலப்பு மாகாணம். கிர்குக்கில் அரபு, குர்து, துருக்மேன் மூவரும் இருக்கிறார்கள், அடியில் எண்ணெயும் இருக்கிறது. பக்தாதில் மட்டும் பல லட்சம் பேர் இடம்பெயர வேண்டிவரும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று தலையங்கம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இங்ஙனம்,
மேற்காசிய அரசியல் பயிலும் வாசகர்கள் இருவர்,
திருச்சி